அடியில் பூசிய பச்சை

கண்ணாடி ஊதுகிறவனை நம்பு, அவன் ஊதிய கண்ணாடியை நம்பாதே என்பது ரைன் ஆற்றங்கரை ரோம ஊரான கொலோனியாவின் மேற்குச் சுவருக்கு வெளியே, உலைக்களத் தெருவில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சதுல்லோவுக்குத் தெரியாதா என்ன? ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறவனே அவன்தான். தன் முறை வந்தபோது கோட்டைவிட்டான்.

அவன் கண்ணாடி செதுக்குகிறவன். ஊதுகிறவர்கள் கனத்த சுவர் வைத்து ஒரு முரட்டுக் கோப்பையைக் கொடுப்பார்கள். பார்த்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டக்கூட லாயக்கில்லாதது மாதிரி இருக்கும். இவன் அதை ஈர மணல் தடவிய சக்கரத்தில் வைத்துத் தேய்ப்பான். வெளிப்பக்கத்தை மெல்ல மெல்லக் குடைந்து, உள்ளே ஒரு மெல்லிய கோப்பையும் அதைச் சுற்றி வலை போட்ட மாதிரி ஒரு கண்ணாடிக் கூண்டும் நிற்கும்படி செய்துவிடுவான். கூண்டு கோப்பையோடு ஒட்டாது. பின்னால் ஒளிந்திருக்கிற சின்னக் கால்கள்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே கண்ணாடி, ஒட்டுவேலை கிடையாது. மாதக்கணக்கில் தேய்த்ததை ஒரு தும்மல் உடைத்துவிடும்.

அதனால்தான் அந்தத் தெருவில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முரட்டுக் கோப்பையை உலை வாசலில் வைத்துத்தான் கைமாற்ற வேண்டும். தண்ணீர் நிரப்பி வெயிலில் தூக்கிப் பார்க்க வேண்டும். நகத்தால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். வாங்கும் முன், செதுக்குகிறவன் ஒரு சாட்சியின் காது கேட்க உரக்கச் சொல்ல வேண்டும்: "இது என் பொறுப்பில் இல்லை." சாட்சி, "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொன்னவன் கையில் கோப்பை உடைந்தால் பழி கண்ணாடிக்கு. சொல்லாதவன் கையில் உடைந்தால் பழி கைக்கு. கண்ணாடியில் முன்பே விரிசல் இருந்ததென்று அவனே காட்டினால்தான் தப்பிக்கலாம்.

கைத்தவறு என்று தீர்ப்பாகிவிட்டால் மனிதன் தொலைந்தான். செதுக்குகிறவர்களுக்கு ஊரின் கட்டாய வேலையிலிருந்து விலக்கு உண்டு. அந்த விலக்கு போய்விடும், சக்கரமும் போய்விடும். ரைன் ஆற்றில் கல் ஏற்றிய படகுகளைக் கரையிலிருந்து கயிறு கட்டி மேலே இழுக்கிற கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். ஒரு பருவம் கயிறு இழுத்த கைக்கு மறுபடி கண்ணாடியின் கூச்சம் தெரியாது. சதுல்லோவுக்கு அந்தக் கையை விட்டால் வேறு சொத்து இல்லை. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. உறவென்று சொல்லிக்கொள்ள அக்கா லௌபா ஒருத்தி. அவள் புருஷன் வாசியோதான் அவனுக்குக் கோப்பை ஊதிக் கொடுக்கிறவன்.

அந்த வருஷம் இலை உதிர்கிற காலத்தில் ரோமப் படைத்தலைவர் ஒருவர் கோடையில் நடக்கப்போகிற தன் கல்யாண விருந்துக்குக் கூண்டுக் கோப்பை ஒன்று கேட்டார். விளிம்பில் 'குடி, நீடு வாழ்' என்று சிவப்பு எழுத்து, கீழே வெள்ளைக் கூண்டு. அதுதான் பேச்சு. வாசியோ ஊதி, ஆற வைத்து, உலை வாசலில் வைக்கோல்மேல் வைத்துவிட்டு ஆள் அனுப்பினான்.

சதுல்லோ போய்ப் பார்த்தால், அடிப்பக்கத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கரும்பச்சை சுற்றி வந்திருந்தது.

"இது என்ன மாமா, பச்சை? பேச்சுல இல்லையே."

"உனக்காகத்தான் போட்டேன் மாப்ளே" என்றான் வாசியோ, தோளில் கை போட்டு. "மேல சிவப்பு, கீழ பச்சை. கூண்டு பச்சையில முடிஞ்சா எப்படி இருக்கும், நெனச்சுப் பாரு. இந்த ஊர்ல எவனும் பாத்திருக்க மாட்டான். பேரு உனக்குத்தான்."

சதுல்லோ உருகிப்போனான். பச்சைக்குச் செம்பு கரைத்துச் சேர்க்க வேண்டும், கூலியில்லாத இரட்டை வேலை. கேட்காமலே ஒருவன் செய்து வைத்திருக்கிறானே! தண்ணீர் ஊற்றி வெயிலில் தூக்கினான். மேலே தெளிவாகத்தான் இருந்தது. பச்சைக்குள் வெயில் நுழையவில்லை. நகத்தால் தட்டினான். விளிம்பு கணீரென்றது. அடியில் சத்தம் கொஞ்சம் உள்வாங்கியது.

"அடியில அமுங்குதே மாமா."

"பச்சை கனமில்லையா? தண்ணி வேற நெறைஞ்சிருக்கு. வேற எப்படிக் கேக்கும்?"

சதுல்லோ குனிந்து இன்னொரு தரம் தட்டினான். சாட்சிக்கு நின்றிருந்த லௌபா இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள்.

"ஏண்டா, சந்தையில பானை வாங்க வந்தவளாட்டம் தட்டித் தட்டிப் பாக்குறே? உன் மாமா ஊதினதுடா அது. அப்புறம் அந்த வார்த்தையும் சொல்லுவே, இல்ல? சொல்லு. கூடப்பொறந்தவ எதுக்க நிக்கிறேன். என் முன்னாடியே என் புருஷனைத் திருட்டுப்பயன்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போ."

"ஐயோ அக்கா! நான் எங்க சொல்றேன்னேன்?"

"முகத்துல எழுதி ஒட்டியிருக்கே!"

பெற்ற அப்பனிடம் வாங்கும்போதுகூட அந்தச் சொல்லைச் சொல்கிறவர்கள் அந்தத் தெருவில் உண்டு. அப்பனும் கோபித்துக்கொள்ள மாட்டான். ஆனால் அக்கா சிரித்துவிட்டாள், மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டான், பச்சையோ இனாமாக வந்திருக்கிறது. இந்த மூன்றுக்கும் நடுவில் சதுல்லோவின் நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கோப்பையைப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். போகும்போது வாசியோவின் கையைப் பிடித்து நன்றி வேறு சொன்னான், பைத்தியக்காரன்.

குளிர்காலம் முழுக்க எழுத்துகளிலேயே போயிற்று. பனி உருகி ஆறு புரண்டபோது கூண்டின் மேல் வரிசை வந்துவிட்டது. வேலை இறங்க இறங்க லௌபாவின் வரவு கூடியது. பட்டாணிக் கஞ்சியில் பன்றிக் கொழுப்பு மிதக்க ஒரு கிண்ணம், அதன்மேல் ரொட்டி மூடி, மத்தியானமானால் வாசலில் நிற்பாள். அந்தக் கண்ணாடிக் கிண்ணம் அவள் கல்யாணத்துக்கு அவனே செதுக்கிக் கொடுத்தது, திராட்சைக் கொடி போட்டது. அவளுக்கு அப்போது வயிறு தெரியத் தொடங்கியிருந்தது. ரொம்ப வருஷம் காத்திருந்து வந்த வயிறு. மூச்சு வாங்கிக்கொண்டு நடந்து வருவாள்.

"உன்னை யாரு இவ்ளோ தூரம் நடக்கச் சொன்னா?" என்பான்.

"எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன். வாயை மூடிட்டுத் தின்னு" என்பாள். அப்புறம் சக்கரத்தின் பக்கம் எட்டிப் பார்ப்பாள். "பச்சைக்கு எப்போ வருவே?"

"ஆப்பிள் பூக்கட்டும். அதுக்குள்ள வந்துடுவேன்."

மறுநாளும் கேட்பாள். "பச்சைக்கு வந்துட்டியா?" அக்காவுக்குத் தன் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோகும். வேளாவேளைக்குச் சோறு போட்டு வேலையையும் விசாரிக்கிற அக்கா யாருக்குக் கிடைப்பாள்? இப்படித்தான் அந்த மடையன் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆப்பிள் பூத்தது. பச்சைக்கு வந்தான்.

அன்றைக்கும் லௌபா வந்து முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சக்கரம் பச்சையைத் தின்றுகொண்டே போய்க் கீழே இருந்த வெள்ளைக் கண்ணாடியைத் தொட்டது. 'டிக்' என்று ஒரு சத்தம். சுள்ளி முறிகிற சத்தம்தான், அதற்குமேல் இல்லை. சதுல்லோ காலை எடுத்துச் சக்கரத்தை நிறுத்தினான். அவன் கைக்குள்ளேயே கோப்பை அடியிலிருந்து எழுத்து வரைக்கும் பிளந்து, இரண்டாகி, நாலாகி, மேஜைமேல் விழுந்தது.

கொஞ்ச நேரம் அவனுக்கு ஒன்றுமே புரியவில்லை. உள்ளங்கையில் ரத்தம் ஓடுவதுகூடத் தெரியவில்லை. 'நீடு வாழ்' என்ற எழுத்து மட்டும் முழுசாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறகு தொழில்காரன் புத்தி விழித்தது. துண்டுகளைப் புரட்டினான். புதிதாக உடைந்த முகமெல்லாம் தண்ணீர் மாதிரி பளபளத்தது. பச்சைக்குக் கீழே இருந்த ஒரு துண்டில் மட்டும் ஒரு விரல் நீளத்துக்கு மங்கல். தொட்டுப் பார்த்தான். உலைச் சாம்பல், கண்ணாடியோடு வெந்து ஒட்டியிருந்தது.

"அக்கா! இங்க பாரு, இங்க பாரேன்! சாம்பல்! இந்த விரிசல் என் கையில விட்டதில்ல. அடுப்புலயே விட்டிருக்கு. விரிசல்மேல பச்சை ஏறியிருக்கு. அக்கா, நான் உடைக்கலை!"

லௌபாவின் முகம் வெளுத்திருந்தது. "ரத்தம் கொட்டுதுடா. முதல்ல போய்க் கழுவு."

"இதைப் பாரு முதல்ல."

"பாத்தேன், பாத்தேன். போடா, கிணத்துக்குப் போ. கை போனா என்ன பண்ணுவே?"

கை போனால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. அவன் கிணற்றடிக்கு ஓடினான். கழுவக் கழுவ நிற்கவில்லை. சட்டைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. முக்காலி காலி. கஞ்சிக் கிண்ணம் இருந்தது, மூலையில் கிடந்த உடைசல் கூடையைக் காணோம்.

அப்போதும் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை, கேளுங்கள். உடைசல் எல்லாம் கூடையில் சேர்ந்து உலைக்குத் திரும்பிப் போவது அந்தத் தெருவின் நடைமுறைதான். பழைய கண்ணாடி சேர்ந்தால் புதுசு சீக்கிரம் உருகும். அக்கா மாமாவிடம் காட்டத்தான் கொண்டுபோயிருக்கிறாள், மாமா துண்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வருவான் என்றுதான் நினைத்தான். யாரும் வராமல்போகவே தானே எழுந்து உலைக்குப் போனான்.

வாசியோ நீளக் குழாயைத் தொட்டியில் விட்டுக் கிளறிக்கொண்டிருந்தான். கூடை வாசலில் கவிழ்ந்து கிடந்தது.

"மாமா, அந்தத் துண்டு எங்க?"

"எந்தத் துண்டு?"

"அக்கா கொண்டாந்தாளே. சாம்பல் ஒட்டின துண்டு."

வாசியோ திரும்பாமலே தொட்டியைக் காட்டினான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கொழகொழவென்று கொதித்துக்கொண்டிருந்தது. "உடைசல் வேற எங்க போகும் மாப்ளே? புதுசா நேத்து வந்தியா தெருவுக்கு?"

"அதுலதானே என் உயிரு இருந்துச்சு! விரிசல் உன் அடுப்புல விட்டது மாமா. உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பச்சையைப் பூசியிருக்கே!"

"பாத்துப் பேசு." வாசியோ இப்போதுதான் திரும்பினான். முகம் உலைச் சூட்டில் சிவந்திருந்தது. "வாங்குறப்ப நீ வார்த்தை சொன்னியா? சொல்லலியே. தண்ணி ஊத்திப் பாத்தே, தட்டிப் பாத்தே, சந்தோஷமா எடுத்துட்டுப் போனே. இப்ப உடைச்சிட்டு வந்து ஊதினவன் தலையில கட்டுறியா?"

உலைக்குப் பின்னால், விறகு அடுக்கின் நிழலில், லௌபா நின்றிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சதுல்லோ அவளைப் பார்த்தான். "பச்சைக்கு எப்போ வருவே" என்று வசந்தம் முழுக்கக் கேட்ட குரல் காதில் திரும்பக் கேட்டது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி குழி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தினமும் வந்து எட்டிப் பார்த்திருக்கிறாள்.

விசாரணை மூன்று அன்னையர் கல்லின் முன்னால் நடந்தது. தெருவின் வழக்கெல்லாம் அங்கேதான். பெரிய வட்டத் தலைப்பாகை கட்டிய அன்னைத் தெய்வங்கள் மூவரும் மடியில் பழக்கூடையோடு கல்லில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைத் தொட்டுப் பொய் சொன்னவளுக்குப் பிரசவம் ஆகாது என்பார்கள். கண்ணாடித் தொழிலாளர் கூட்டத்தின் தலைவர் ஹால்டாக்கோ நடுவில் நின்றார். படைத்தலைவரின் ஆள் ஒருவன் ஓரமாக நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"வார்த்தை சொன்னியாப்பா?" என்றார் ஹால்டாக்கோ.

"சொல்லலைங்க."

"ஏன்?"

"சொந்தம்னு விட்டுட்டேங்க" என்றான். யாரோ சிரித்தார்கள்.

"துண்டு இருக்கா?"

"இருந்துச்சு. உருக்கிட்டாங்க. எங்க அக்கா பாத்தா. சாம்பலைக் காட்டினேன். அவளையே கேளுங்க."

அவளையே கேளுங்கள் என்று சொன்னபோதும் அவனுக்கு உள்ளே ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்களே. புருஷனுக்காகத் துண்டை உருக்கினாள், சரி. அன்னையரைத் தொட்டுக்கொண்டு, பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, தம்பி முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வருமா?

லௌபா நடு அன்னையின் மடியில் கை வைத்தாள். "தண்ணி ஊத்திப் பாத்தாங்க. தெளிவா இருந்துச்சு. விரிசல் இல்ல."

"உடைஞ்சப்ப சாம்பல் பாத்தியாம்மா?"

"பாக்கலை." அவள் நிறுத்தினாள். அவ்வளவோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. வாசியோ தொண்டையைச் செருமினான். அவள் மறுபடி வாயைத் திறந்தாள். "தம்பிக்குக் கொஞ்ச நாளாவே கை நடுங்குதுங்க. நான் சோறு கொண்டுட்டுப் போறப்ப பாத்திருக்கேன். அன்னைக்கும் நடுங்குச்சு."

கூட்டம் முழுக்க அவன் கையைப் பார்த்தது. அது அப்போது உண்மையிலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

ஹால்டாக்கோ கெட்டவர் இல்லை. அவர் பெருமூச்சு விட்டதை எல்லாரும் பார்த்தார்கள். ஆனாலும் சொல் சொல்லப்படவில்லை, துண்டு இல்லை, சாட்சி கையைக் குற்றம் சொல்கிறது. கைத்தவறு என்றார். சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நாளை மறுநாள் கல் படகுகள் கிளம்பும்போது அவன் கயிற்றுக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள்.

மறுநாள் அவன் வெறும் பட்டறையில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கரம் இருந்த இடத்தில் மணல் வட்டமாகக் காய்ந்து கிடந்தது. உள்ளங்கை வீங்கி விண்விண்ணென்று தெறித்தது. வேறு வேலையில்லாமல் ஊசியை எடுத்துக் காயத்தைக் கிளறினான். சீழோடு ஏதோ வெளியே வந்தது. தண்ணீரில் அலசி வெயிலில் பிடித்தான்.

நகத்தில் பாதிகூட இல்லை. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளையின் ஓரத்தில், கழுவியும் போகாமல், வெந்து ஒட்டிய சாம்பல்.

சதுல்லோ கத்தியே விட்டான். சிரித்தான், அழுதான், அந்தச் சில்லுக்கு முத்தம் கொடுத்தான். இது போதும். ஹால்டாக்கோவுக்குக் கண் இருக்கிறது, இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. கை திரும்பிவிட்டது, சக்கரம் திரும்பிவிட்டது. அவன் வாசலுக்குப் பாய்ந்தபோது எதிரே லௌபா நின்றாள். கையில் அதே கிண்ணம்.

"திட்டுடா" என்றாள். "அடிக்கணும்னா அடி. அன்னைக்கு ஆற வைக்கிறப்ப அவரு குடிச்சிட்டுத் தூங்கிட்டாரு. அடுப்பு அணைஞ்சு கோப்பை விரிசல் விட்டுப்போச்சு. மறுபடி ஊதுறேன்னா படைத்தலைவரு விட்டிருப்பாரா? உலையையே பிடுங்கிட்டு அனுப்பியிருப்பாரு. வயித்துல இது வந்துடுச்சு, நான் என்ன பண்ணுவேன்? ஒருவேளை உடையாமலே போயிடும்னு நெனச்சேன். தினமும் வேண்டிக்கிட்டேன்டா."

"என் கை நடுங்குச்சுன்னு சொன்னியே. அதையும் வேண்டிக்கிட்டா சொன்னே?"

அவன் உள்ளங்கையை விரித்துச் சில்லைக் காட்டினான். உலைக்காரன் பெண்டாட்டி அல்லவா, பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அவன் அவளைத் தள்ளிவிட்டு நேரே ஹால்டாக்கோ வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏனென்றால் அந்தக் கல்லுக்கு இன்னொரு முறை இருந்தது. அன்னையரைத் தொட்டுச் சொன்ன பொய்யை வேறொருவர் உடைத்தால், சொன்னவளைத் தெரு நடுவில் நிறுத்திக் கசையால் அடிப்பார்கள், வயிற்றுப் பிள்ளை என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். சொன்னவளே தண்டனை தொடங்கும் முன், இங்கே படகு கிளம்பும் முன், வந்து கல்லின் மேல் ஒரு ஆப்பிளை வைத்து மாற்றிச் சொன்னால் மன்னிப்பு உண்டு.

"நீயே கொண்டுட்டுப் போ" என்றான். "தலைவர் கையில குடுத்து மாத்திச் சொல்லிடு. உன்மேல ஒரு அடி விழாது. மாமாவை ஏசுவாங்க, உலை போகும், அவ்வளவுதான். வேற உலையில கூலிக்கு ஊதிப் பிழைச்சுக்கட்டும். எனக்கு என் கை வேணும்கா."

அவள் தேம்பினாள். "குடு. போறேன்டா. என் பிள்ளைமேல ஆணை, போறேன்."

சில்லை அவள் கையில் வைக்கும்போது ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன் என்ற பேச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து மறுபடியும் விழுங்கிவிட்டான். பட்டும் புத்தி வராதவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?

படகுகள் கிளம்புகிற காலையில் ஆற்றங்கரை முழுக்க மூடுபனி. கயிறுகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சதுல்லோ கயிற்றைத் தொடாமல் தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். ஹால்டாக்கோ வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடினான்.

"வந்துட்டீங்களா! அக்கா வந்தாளா உங்க வீட்டுக்கு?"

"உங்க அக்காவா? இல்லியே" என்றார் அவர். "ஏம்ப்பா, வர்றேன்னாளா? நான் உன்னைப் பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். மனசு கேக்கலை."

"கல்லுமேல ஆப்பிள் இருந்துச்சா?"

"காலையில அந்த வழியாத்தான் வந்தேன். ஒண்ணும் இல்ல."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லௌபா பனிக்குள்ளிருந்து வந்தாள். ஒரு கையில் ரொட்டி மூட்டை, ஒரு கையில் திராட்சைக் கொடிக் கிண்ணம். சதுல்லோவின் பக்கத்தில் தலைவரைப் பார்த்ததும் நடை தயங்கியது. பிறகு நெருங்கி வந்து தாழ்ந்த குரலில் பேசினாள்.

"வழியில எங்கேயோ விழுந்துபோச்சுடா தம்பி. சின்னதா இருந்துச்சுல்ல? இருட்டுற வரைக்கும் தேடினேன்."

அவன் அவள் கையைப் பார்த்தான். அவள் சுண்டுவிரல் நகத்தில் உலைக்கரி கறுப்பாக ஏறியிருந்தது. விழுந்த சில்லைத் தேடினால் நகத்தில் மண் ஏறும், கரி ஏறாது. அவள் முகத்தில் வெட்கத்தைத் தேடினான். கொஞ்சம் இருந்தது. அதைவிட நிறைய நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்த்தபோதுதான் அவனுக்கு அக்கா இல்லாமல் போனாள்.

"ஒரு பருவம்தானேடா" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் காயம்பட்ட கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். "பையன் பொறந்தா உன் பேரைத்தான் வைப்பேன். சதுல்லோன்னு கூப்பிடுவேன். நீ திரும்பி வந்ததும் உன் மடியிலதான் போடுவேன். நீதான் அவனுக்கு எல்லாம்."

வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது அவன் உள்ளங்கையில் தெரிந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டான். அவள் நீட்டிய கிண்ணத்தை வாங்கவில்லை. விளிம்பில் நகத்தால் ஒரு தரம் தட்டினான். கணீரென்றது. அவன் செய்தது, அதில் குறை இருக்காது.

பிறகு நிமிர்ந்து நின்று, அவளை நேராகப் பார்த்து, கயிற்றுக்காரர்களும் படகுக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி, உலை வாசலில் சொல்ல வேண்டியதை ஆற்றங்கரையில் சொன்னான்.

"இது என் பொறுப்பில் இல்லை."

ஹால்டாக்கோ அவனைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். அவள் சுண்டுவிரல் நகத்தையும் பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் முகம் மெல்ல மாறியது. கையில் ஒன்றும் இல்லாமல் தீர்ப்பை மாற்ற அவராலும் முடியாது. ஆனால் சாட்சியாக நிற்பவன் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

"கேட்டேன்" என்றார்.

சதுல்லோ கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.